டபுள் சிலிண்டர்

12.9.1996, வியாழன், இரவு

டவுண் பழைய இரும்புக் கடையில் இன்று கிடைத்தேவிட்டது. மைக் செட்காரர் ஒருவர் கழித்துப் போட்ட ஜெனரேட்டரின் சின்ன இன்ஜின். இரண்டு சிலிண்டர். சைக்கிளில் பூட்டச் சரியான அளவு. "கனம் சாஸ்தி, பாத்துப் பைய தூக்கும், அண்ணாச்சி. இன்னும் நல்லா ஓடும் வே" என்றார் கடைக்காரர். சந்தோஷம் தாங்காமல் பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். "மதினி, டபுள் சிலிண்டர் கிடைச்சாச்சுன்னு செண்பகத்துகிட்ட சொல்லிருங்க." என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

சேரன்மகாதேவியில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், என் மனைவி செண்பகம் அடுப்படி மூலையைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டாவது கேஸ் சிலிண்டர் வருகிறதாம். எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள். இன்ஜினைக் கட்டிக்கொண்டு வந்த சாக்கை அவிழ்த்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சைக்கிளுக்கு இன்ஜின்" என்றேன்.

கல்யாணமான புதிதில் இப்படித்தான் ஒரு சைக்கிள் செய்தேன். அதற்கு ஒற்றைச் சிலிண்டர். பாபநாசம் மலை ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும். செண்பகம் இறங்கி, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுவாள். தள்ளவிடாமல் சிரிப்பு வேறு. இரண்டு சிலிண்டர்தான் வேண்டுமென்று நான் அலைந்தது எதற்கென்று அவளிடம் எப்படிச் சொல்ல?

கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் சோறு போட்டாள். இன்ஜினை இழுத்து அந்தக் கோலத்தின் மேலேயே வைத்தாள். படுக்கப் போகும்போதுதான், என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"இதுல போனா ஏத்தத்துல நான் எறங்க வேண்டாம்லா?"