பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

மே 22, வியாழன்

கத்திரி வெயில். மாடியில் போட்ட போர்வையெல்லாம் அப்பளம் மாதிரி. நான் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸில் ஆள் கம்மி, துவைக்கிற துணி மட்டும் ஜாஸ்தி. எப்படியோ.

வாங்க வேண்டியது: சோப்பு, வெந்தயம், திவ்யாவுக்கு ஊக்கு.

திவ்யா போனில் ஃபீஸ் காட்டினாள். அருண் படித்த அதே யுனிவர்சிட்டி காலேஜ்தான். அண்ணன் போன இடத்துக்கே போகணுமாம். அவனுக்குக் கட்டினதைவிட ரொம்ப ஏறிவிட்டது. படிப்புக்கு, பரீட்சைக்கு, ஹாஸ்டலுக்கு என்று தனித்தனியாக. என் வீட்டுக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கவர்மென்ட் காலேஜுக்கே இவ்ளோன்னா அப்புறம் இன்னாத்துக்கு அது கவர்மென்ட்டு?"

பூச்சு வேலைக்குப் போய்வந்த கை. சிமென்ட் போகவே இல்லை.

முதல் பட்டதாரி சர்டிபிகேட் இருந்தால் படிப்புப் பணம் தள்ளுபடி. இல்லையென்றால் இங்கேயே ஆர்ட்ஸ் காலேஜ். அவர் சொல்லிவிட்டார். திவ்யா பாதித் தட்டோடு எழுந்து போனாள்.

அருணும் அந்த சர்டிபிகேட்டில்தான் படித்தான். வீட்டில் ஒருத்தருக்குத்தான் தருவார்களாம்.

மே 26, திங்கள்

இ-சேவை மையம். வரிசை. ஃபேன் இருந்தது, காற்று இல்லை.

கம்ப்யூட்டர் பெண் கேட்டது, "வீட்ல டிகிரி முடிச்சவங்க யாராவது இருக்காங்களாக்கா?"

"எம் பையன் இன்ஜினியரு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. திவ்யா என் காலை மிதித்தாள்.

"அப்ப தர மாட்டாங்களேக்கா."

"அண்ணன் முடிக்கலைங்க," என்றாள் திவ்யா. "கடைசி வருஷம் டெங்கு வந்து இறந்துட்டாரு."

அந்தப் பெண் பிறகு என்னைப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது. வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பாராம்.

திரும்பி வரும்போது திவ்யா முன்னால் நடந்தாள். வீடு வந்த பிறகுதான் பேச்சு.

"மா, அவரு கேட்டா முடிக்கலன்னு சொல்லு. ஒரே வார்த்தைதான்."

துணி அலசும்போது சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

மே 30, வெள்ளி

வி.ஏ.ஓ. வந்தார். சின்ன வயசு. செருப்பை வெளியே விட்டு வந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு செல்வி. உதவி செய்கிறாளாம்.

"இன்ஜினியர் வூடு சார் இது! தங்கமான ஃபேமிலி. இந்தத் தெருவுல மொத மொத இன்ஜினியரிங் படிச்சது இவங்க பையன்தான் சார்!"

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா," என்றாள் திவ்யா.

"நல்லதுதானே சொல்றேன்? உங்களுக்குப் போய் பேச வந்தேன் பாரு."

அவர் சுவரைப் பார்த்தார். அருண் போட்டோ. கீழே: மு. அருண்குமார், பி.இ.

"டிகிரி போட்டிருக்கேம்மா?"

நான்தான் போடச் சொன்னேன். அவன் போன அன்று ஃபிளெக்ஸ் கடையிலிருந்து போன் செய்து என்ன படிச்சாரு என்று கேட்டார்கள். பி.இ. என்றேன். இல்லை என்று யாரும் மறுக்கவில்லை. போட்டோவுக்கும் அதையே போட்டார்கள். ஊரெல்லாம் அஞ்சலி பேனரில் அப்படிப் படித்தது. காலேஜ் கொடுக்காததை நான் கொடுத்தேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

"முன்னால வாங்குனவரு முடிக்கலன்னா மேல எழுதிப் பார்க்கலாம்மா. காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு ஆபீஸுக்கு வாங்க. நீங்களும் நேர்ல சொல்லணும்." வாசலில் நின்று, "அந்த போட்டோ..." என்றார். முடிக்காமல் போய்விட்டார்.

செல்வி ஏதோ குழம்பு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டோம். உப்பு அதிகம்.

ஜூன் 2, திங்கள்

அவர் வேலையை விட்டுவிட்டு காலேஜுக்குப் போய் லெட்டர் வாங்கி வந்தார். அங்கே அருணுடைய சார் ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

லெட்டரில் நாலு வரி. "படிப்பை நிறைவு செய்யவில்லை" என்று இருக்கிறது. எட்டாவது வரை படித்த எனக்கே புரிகிற மாதிரி.

சர்டிபிகேட் கிடைத்தாலும் ஹாஸ்டல், சாப்பாடு நாங்கள்தான். அவர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போகிறேன் என்கிறார். அங்கே கூலி ஜாஸ்தி. இந்த வயதில்.

திவ்யா சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நான் இங்கயே சேர்ந்துக்கறேன் மா. அண்ணன் பேர்ல இருக்கறத எடுக்க வேணாம்."

சத்தம் போட்டேன். என்ன சொல்லிச் சத்தம் போட்டேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

போட்டோவைக் கழற்றினேன். பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது. துண்டில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போட்டோ கடைக்காரர், "எழுத்து தப்பா பூட்சாம்மா?"

"இல்ல. அந்த ரெண்டு எழுத்த மட்டும் எடுத்துடுங்க."

"ஏம்மா, நல்லாத்தானே கீது?"

"எடுத்துடுங்க."

அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தேன். கல்யாண போட்டோக்கள், குழந்தை போட்டோக்கள். எல்லோரும் சிரிப்பு.

ஜூன் 5, வியாழன்

ஆபீஸ். வி.ஏ.ஓ. லெட்டரைப் படித்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"எம் பையன் முடிக்கல சார்."

வந்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். திவ்யா வெளியே வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

பையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, வெந்தயம் வாங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மழை தூறல். துணி காயவில்லை.

திவ்யா போனுக்கு மெசேஜ். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. படித்துக் காட்டினாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று அவள் பெயர். அவர் பெங்களூருக்குப் பையைக் கட்டிக்கொண்டே கேட்டார், இன்னொரு தரம் படி என்றார்.

பிறகு திவ்யா போட்டோ பக்கம் போனாள்.

"மா, கடைக்காரரு பி.இ.-ய எடுத்துட்டு கமாவ விட்டுட்டாரு. அண்ணன் பேருக்கு அப்புறம் கமா அப்படியே நிக்குது. குடுத்து சரி பண்ணிட்டு வரட்டா?"

கமா இருந்தால் பின்னால் ஏதோ வரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.