நாற்பத்தெட்டாவது பெயர்

புசல்லாவை
18.09.1997

என் அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர இங்கே நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். கொழும்பில் உன்னைச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள் என்று போன கடிதத்தில் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

இதைத் தோட்டத் தபாலில் போடவில்லை. தபால் பை ஆபீஸ் மேசையைத் தாண்டித்தான் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கிளாக்கர் ராஜலிங்கம். அதனால் கண்டிக்கு மரக்கறி ஏற்றும் லாபிர் நானாவிடம் கொடுத்துவிட்டேன். நீயும் பதிலை அவர் கடை விலாசத்துக்கே போடு.

அந்த ராஜலிங்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

மாதத்தில் அதிகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர் யார் என்று கண்டுபிடிக்க நீ செய்துகொடுத்த புரோகிராம் ஜனவரியில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறியது. மாத முடிவில், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் முதலாவது பெயரை வாசித்து ஒரு சேலை கொடுப்பார்கள். பெப்ரவரியில் நான் எழுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. நிறுவைத் துண்டு ஒன்றுகூடத் தொலைக்கவில்லை. வாசித்ததோ பாலம்மாவை, அறுநூற்று நாற்பதென்று. துண்டுகளைக் காட்டி நியாயம் கேட்டேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நீதான் அடுத்தவ கூடையிலிருந்து அள்ளிப் போட்டிருக்க, கொழுந்துக் கள்ளி" என்று ராஜலிங்கம் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். அன்றிலிருந்து ஒருத்தியும் என் பக்கத்தில் கூடையை இறக்கி வைப்பதில்லை. பாலம்மாகூட.

உன் அப்பா நெஞ்சு வலியில் துடித்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி தராத மனுஷன் இவர். அன்று நான் மண்ணை வாரித் தூற்றி ஏசினேன். அதற்குத்தான் வேலையாட்களின் பெயர் எழுதும் இடாப்பில் நாலாவதாக இருந்த என் பெயரை அடியில் கொண்டுபோய்ப் போட்டார். வாயாடிக்கு அதுதான் இடமாம். நாற்பத்தெட்டுப் பெயரில் நான் நாற்பத்தெட்டாவது. கம்ப்யூட்டரிலும் அதே வரிசைதான்.

ஜூலையில் இருளப்பன் வீட்டு மருமகள் ராக்கம்மா வேலைக்கு வந்தாள். அவள் பெயரை எனக்குக் கீழே எழுதினார்கள். அந்த மாதம் தோட்டத்து மானேஜர் துரை தன் கையாலேயே தாளை வாங்கி வாசித்தார். வீரம்மா என்றார்! கள்ளி களவில் முதலாவது வந்துவிட்டாள் என்று பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டே நாலு நாள் யோசித்தேன். எனக்குக் கீழே ஒரு பெயர் வந்ததைத் தவிர வேறு என்ன மாறியது?

பொங்கலுக்கு வந்தபோது நீ சொல்லித் தந்தாயே, நினைவிருக்கிறதா? முதல் ஆளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆளின் கிலோ பெரிதென்றால் பழையதை விட்டுவிட்டு அதைப் பிடிக்க வேண்டும். இப்படியே கடைசிவரை போனால் கையில் மிஞ்சுவதுதான் பெரியது என்றாய். அடப் பாவி மகனே, நீ கடைசிவரை போகவில்லை! ஒன்றுக்கு முன்னால் நின்றுவிட்டாய். அந்த ஒன்று நான்.

நேரே ஆபீசுக்குப் போய், ராக்கம்மாவின் பெயரை எனக்கு மேலே தூக்கிப் போட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள் என்றேன். சின்னக் கிளாக்கர் ஓட்டினார். நான் மறுபடி கடைசிப் பெயரானதும் பாலம்மா என்று வந்தது. ராஜலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

முந்தாநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நம் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். முப்பதாம் திகதி கொழும்பிலிருந்து கம்பெனி ஆட்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார்களாம். "தம்பிகிட்ட சொல்லிச் சரியாக்கிக் குடுத்துருங்க, பழசக் கிளறாதீங்க" என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வாங்க, போங்க! உட்காரச் சொல்லவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. மறைப்பானேன்?

ஆகவே நான் சொல்கிறபடி செய். திருத்திய புரோகிராம் உள்ள பிளாப்பியை எனக்கு அனுப்பு, ஆபீசுக்கு அனுப்பாதே. கூடவே துரைக்கு ஒரு கடிதம் வை. தவறு புரோகிராமில் இருந்தது, வீரம்மா கள்ளி இல்லை என்று உன் கையெழுத்தோடு எழுது. கள்ளி என்ற அதே வாயால் ராஜலிங்கம் அதைப் பெரட்டில் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் பிளாப்பி. அது அவர் வேலைக்கே உலை வைக்கும் என்கிறார்கள். வைக்கட்டும். அன்றைக்கு லொறி கேட்டு நான் காலில் விழுந்தபோது அவர் இரங்கினாரா?

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். போகும்போது அவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். "மார்ச்சிலேயே நான் போன் எடுத்து தம்பிகிட்டக் கேட்டேன். தப்பு இருக்கு, மத்த அஞ்சு தோட்டமும் இந்தப் புரோகிராம வாங்குற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு தம்பிதான் சொல்லிச்சு" என்றார். நான் நம்பவில்லை. பழத்தை அவர் முகத்துக்கு நேரே வீசினேன்.

துரைக்கு எழுதினால் அந்த ஐந்து தோட்டமும் உன் கையை விட்டுப் போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். ராஜலிங்கம் சொன்னது பொய்யென்று எனக்கும் ஒரு வரி எழுது ராசா. பொய் இல்லையென்றால் அந்த வரியை எழுதாதே. துரைக்கு மட்டும் எழுதி அனுப்பு, நான் வேறொன்றும் கேட்கமாட்டேன். எனக்குப் பகையாளி ஒருவர் போதும்.

கதிர்காமத்தான் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். முப்பதாம் திகதிக்கு முன் பதில் வர வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
க. வீரம்மா