வள்ளத்து ஆயரின் துடுப்பு

ஜூலை 8, செவ்வாய்

உறுதியான செய்தி ஒன்றுதான். ஞாயிறு விடியமுன் எங்கள் ஊர் மீனவர் றெஜி கடலிலிருந்து வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்: எஞ்சின் நின்றுவிட்டது, காற்று வடக்கே இழுக்கிறது. பிறகு தொடர்பில்லை. மூலம்: அவர் மனைவி பிலோமினா. அழைப்பை அவளுடைய போனில் நானே பார்த்தேன். நண்டு வலைக்குத் தனியாகப் போனவர். கடற்படை தேடுகிறது, பேசாலைப் படகுகளும். சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது.

பின்னேரம் திருவிழா மலர் வேலை. பங்குத்தந்தை கேட்டது ஒரு பக்கம்: சிற்றாலயத்துக்கு வந்த புதுச் சுரூபத்தின் வரலாறு. தென் இத்தாலியில் ஒரு கரையோர ஊர். அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பியது. ஆதித் திருச்சபைக் காலத்து ஆயர் ஒருவர், வெறும் வள்ளத்தில் நிற்கிறார். அவருடைய பெயர் இங்கே ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'வள்ளத்து ஆயர்' ஆகிவிட்டார்.

சுரூபப் பெட்டி திறந்த அன்று கரையில் மீன் வாடியில் கேட்டது:

"உதென்ன, துடுப்பைக் காணேல்லை?"

"கஸ்டம்ஸ்காரன் எடுத்திருப்பான்."

"எஞ்சின் ஒண்டு பூட்டி விடுவம். மண்ணெண்ணெய் அவரே பாக்கட்டும்."

வழியில் தொலைந்தது என்றே எல்லாரும் நினைத்தோம். நானும். றெஜி தன் படகுத் துடுப்பை அறுத்து, சாண் நீளத்தில் ஒன்று செதுக்கி, ஆயரின் கையில் ஒட்டினார். "சாமிக்குக் கடல் காணாத மரம் வைக்கேலாது" என்றார்.

மிச்சத் துண்டை இன்று அவர் வீட்டு வேலியில் சாய்த்து வைத்திருக்கக் கண்டேன். வேறு துடுப்பு செய்யாமலே கடலுக்குப் போயிருக்கிறார். பிலோமினா நான் பார்த்ததைப் பார்த்தாள். 

ஜூலை 9, புதன்

மின்சாரம் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கால் கழன்றுவிட்டது, நூல் கட்டியிருக்கிறேன்.

சூசையின் குரல் பதிவு. அந்த இத்தாலி ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், சுரூபம் அனுப்பியதில் முன்நின்றவர். "அண்ணை, ஆர் துடுப்பு வைச்சது? இஞ்சத்தச் சனம் படத்தைப் பாத்துப்போட்டுச் சிரிக்குது. அவருக்குத் துடுப்பே இல்லை. அதுதான் அவர் செய்த புதுமை, அற்புதம்."

கதை: ஆப்பிரிக்கக் கரையில் வண்டால் இனத்து அரசன் ஆயர்களைப் பிடித்து, பாயும் துடுப்பும் இல்லாத பழைய கப்பலில் ஏற்றிக் கடலில் விட்டான். கப்பல் தானாக இத்தாலிக் கரை சேர்ந்தது. இவர் அதில் ஒருவர்.

சரிபார்த்தேன். உடைந்த கப்பல்களில் ஏற்றி விரட்டியது, அவை நேப்பிள்ஸில் கரை சேர்ந்தது: அது நடந்த நூற்றாண்டிலேயே வாழ்ந்த ஆயர் ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பலாம். நம்மவர் அதில் இருந்தார் என்பதும் துடுப்பில்லை என்பதும் பல நூற்றாண்டு பிந்தியவர்கள் எழுதியது. மலரில் எதைப் போடுவது?

பங்குத்தந்தைக்குச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "ஞாயிறு மேற்றிராணியார் சுரூபத்தை ஆசீர்வதிச்சு மந்திரிக்க வாறார். அதுக்குள்ள கழட்ட வேணும்."

படகு பற்றிச் செய்தி இல்லை.

ஜூலை 10, வியாழன்

பங்குத்தந்தையோடு சிற்றாலயம் போனேன். அவர் கையில் சின்ன உளி. பிலோமினா முன்வாங்கில் இருந்தாள். விடிய வந்தவளாம்.

"ஃபாதர், அதில கை வைக்காதீங்கோ."

"அது பிழை பிள்ளை. அவருக்குத் துடுப்பு இல்லை."

"வைச்சவர் வந்து எடுக்கட்டும்."

பங்குத்தந்தை உளியை அங்கிப் பைக்குள் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம்: "நான் என்னத்தைச் சொல்ல, சொல்லுங்கோ."

கடற்படைத் தேடல் நாளையும் தொடரும் என்று மீனவர் சங்கத் தலைவர். அதன் பிறகு? நான் கேட்டேன். "கேக்காதேங்கோ அண்ணை" என்றார்.

கடையில் வாங்க: பாண், நூல்கண்டு, பல்பு. பல்பு மறந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காலை பிலோமினா வீட்டுக்கு வந்தாள். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.

"அண்ணை, அவருக்கு ஏன் துடுப்பில்லை? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ."

சொன்னேன். அரசன், பழைய கப்பல், கடலில் விட்டது, கரை சேர்ந்தது.

"எல்லாரும் சேர்ந்தவையோ?"

"ஓம், அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"துடுப்பில்லாமல்?"

"துடுப்பில்லாமல்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப அதை எடுங்கோ. இண்டைக்கே எடுங்கோ. என்ர மனிசனுக்கும் துடுப்பு இல்லைத்தானே."

யார் எழுதியது, எப்போது எழுதியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. அவள் பிடித்துக்கொண்டது கதையில் ஆதாரம் மிகக் குறைந்த இடத்தை.

பங்குத்தந்தை உளியை என்னிடம் தந்துவிட்டார். றெஜி நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். ஆயரின் கைவிரலில் கொஞ்சம் வர்ணம் உரிந்தது. துடுப்பைப் பிலோமினா முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

மலருக்கு எழுதி முடித்தேன். "என்று பிற்காலத்தவர் எழுதினர்" என்ற வரியை இரண்டு தடவை வெட்டினேன், இரண்டு தடவை திரும்ப எழுதினேன். இருக்கிறது.

ஜூலை 12, சனி

காற்று கொஞ்சம் தணிவு. சுரூபத்துக்கு மாலை கட்டுகிறார்கள். ஆயரின் கை வெறுமையாக நீட்டியபடி. நன்றாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் அக்கரையிலிருந்து போன். நான் பத்திரிகையில் இருந்த காலத்து நண்பர். கோடியக்கரைப் பக்கம் மீன்பிடிப் படகொன்று கடலில் ஒருவரை ஏற்றியிருக்கிறது, ஆள் உயிரோடு. நண்பரும் கேள்விப்பட்டதுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. இலங்கைத் தமிழ் பேசினாராம். எங்கள் பக்கம் நாலு இடத்துக்குப் போன் எடுத்தேன். கடற்றொழில் திணைக்களக் கந்தோர் சனி என்பதால் பூட்டு. இன்னோர் இடத்தில் கடமையில் இருந்த ஒருவர்: "எழுத்தில வந்தால்தான் சேர் சொல்லலாம். திங்கள் காலமை எடுங்கோ."

உறுதியாகாததைச் சொல்வதில்லை என்பது என் வழக்கம். நேற்று அதை மீறியாகிவிட்டது. பிலோமினா வீட்டுக்குப் போய், எது தெரியும், எது தெரியாது என்று முழுவதும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஆளின்ர படகில துடுப்பு கிடந்ததாமோ?"

தெரியாது. திங்கள் காலை, கந்தோர் திறந்ததும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.