மிஸ்டர் கிரப்ஸின் கைகள்

1979 மார்ச் 6, செவ்வாய்

மழை. பறக்கவில்லை. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். லயனல் வறுத்த கெளுத்தி மீன் வாங்கி வந்தான். ஹெலிகாப்டர் வகுப்பில் கறுப்பர்கள் அவனும் நானும் மட்டும்தான். பெண் நான் ஒருத்தி. இந்த அலபாமா ராணுவப் பள்ளிக்கு என்னைப் போல ஒருத்தி இதற்கு முன் வந்ததில்லையாம். அதற்காகக் காலையில் என்னைப் புகைப்படம் எடுத்தார்கள்.

"நல்லா சிரிச்சுக்கோ வெர்லீன். படம் கிடைச்சதும் ஆளை வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றான் லயனல்.

மீனில் உப்பு தூக்கல்.

மார்ச் 8, வியாழன்

எஞ்சின் நின்றுபோனால் எப்படி இறக்குவது என்பது இந்த வாரப் பாடம். விசையைக் குறைத்துவிடுவார்கள். தலைக்கு மேல் சுழலும் இறக்கையின் வேகம் ஒன்றுதான் மிச்சம். தரை நெருங்கும்போது இடது கை நெம்புகோலைச் சரியான நொடியில் தூக்க வேண்டும். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து.

என் பயிற்றுநர் மிஸ்டர் கிரப்ஸ் என்னைத் தூக்கவே விடுவதில்லை. மர உயரத்துக்கு வந்ததும் தன் பக்கத்து நெம்புகோலை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். அப்புறம், "உன் கை மெதுவு."

மெதுவா? என் கை எதைச் செய்தது, மெதுவாகச் செய்ய? அவர் இழுத்த இழுப்பில் மணிக்கட்டு வலிக்கிறது.

மார்ச் 9

இன்றும் அதேதான்.

மார்ச் 12, திங்கள்

தோல்வி என்று எழுதிவிட்டார்.

"கிடங்கு வேலையில கெட்டிக்காரின்னு சொன்னாங்க. அங்கயே இருந்திருக்கலாம், பொண்ணே."

ஆறு வருஷம் ராணுவக் கிடங்கில் பூட்ஸும் போர்வையும் எண்ணினேன். மறுபடியும் அங்கேயா? மாட்டேன்.

மொபீல் நகரத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

"ஏண்டி, அந்த ஆளு சொல்றது நிஜமா?"

"இல்லம்மா."

"அப்போ எங்கிட்ட எதுக்கு அழற? எனக்குத் துணி துவைக்கத்தான் தெரியும். அங்க போய்ச் சொல்லு."

"சொன்னா தூக்கிருவாங்கம்மா."

"இப்ப மட்டும் மடியில வச்சுக் கொஞ்சறாங்களாக்கும்."

மார்ச் 14, புதன்

பயிற்சிக்குப் பொறுப்பான மேஜர் விட்மோரின் அறை. கிரப்ஸும் இருந்தார். மேஜர் தன்மையாகத்தான் பேசினார். நானே விலகிக்கொண்டால் பழைய பதவி அப்படியே கிடைக்குமாம். "இதுல அவமானம் ஒண்ணும் இல்ல."

அந்தத் தன்மைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"நான் ஒரு தடவைகூட இறக்கினதில்ல, சார். அப்புறம் எதுல தோத்தேன்?"

"நான் பிடிக்கலேன்னா ரெண்டு பேரும் செத்திருப்போம்" என்றார் கிரப்ஸ்.

"அது எப்படித் தெரியும்? நீங்க பாத்ததே இல்லையே."

சரி, பாதியில் நிறுத்தி என்ன பயன்?

"நாளைக்கு அவரே பக்கத்துல உக்காரட்டும், சார். நீங்க பின்னாடி உக்காருங்க. அவர் கை ரெண்டும் அவர் தொடை மேல இருக்கணும். எனக்கு வரலேன்னா நானே மூட்டை கட்டிக்கறேன்."

"உனக்கு வரலேன்னா நானும்ல காலி" என்றார் மேஜர்.

"விழறதுக்கா உங்களைக் கூப்பிடுவேன், சார்?"

"சரி, நாளைக்கு" என்றார் மேஜர்.

மார்ச் 15, வியாழன்

தெளிவான வானம். தென்மேற்குக் காற்று.

விசை குறைந்தது. கீழே இறங்கினோம். மர உயரத்தில் கிரப்ஸின் கை அசைந்தது — பழக்கதோஷமோ, வேண்டுமென்றோ. பின்னாலிருந்து மேஜர், "கை, மிஸ்டர் கிரப்ஸ்" என்றார்.

கை நின்றது. நான் தூக்கினேன். புல்லில் சறுக்கி நின்றோம்.

"இன்னொண்ணு."

இரண்டாவது கொஞ்சம் முந்திவிட்டேன். ஒரு குதி குதித்தது. பொய் எழுத மாட்டேன். மூன்றாவது, தரை எங்கே தொட்டது என்றே தெரியவில்லை.

"பசிக்குது. போதும், வா" என்றார் மேஜர். தேறிவிட்டேன், திங்கள் முதல் வேறு பயிற்றுநர்.

கிரப்ஸ் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நடந்து போனார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவரிடமே இருக்கட்டும். ஆனால் வகுப்பில் வேறு யாரும் மேஜரை ஏற்றிக்கொண்டு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் விடமாட்டேன்.

1980 நவம்பர் 12, புதன். ஜெர்மனி

காலையில் பனி, விலகும்வரை காத்திருந்தோம். முகாமுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு சிப்பாய். ஜார்ஜியாக்காரன், செம்பட்டை முடி, முதல் தடவை ஏறுகிறான். நான் ஹெலிகாப்டரை முழுக்கச் சரிபார்த்துவிட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"பைலட் எப்ப வருவாரு, மேடம்?"

"வந்தாச்சு. பெல்ட்டை மாட்டு."

என்னைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். மாட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம்வரை இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆற்றைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.