யார் தலையில் கட்டினேன்

4 மார்ச் 2024, திங்கள்

சோப்பு ஆலையில் கணக்கெழுதச் சேர்ந்து ஏழு மாதம். முதலாளி அமீர் ஹம்சா பாய் இன்றுதான் எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார். "துணி சோப்பு, வேப்பம் சோப்பு, ரெண்டுல எதுல லாபம், எதுல நட்டம்னு பிரிச்சுக் குடு மஞ்சுளா."

செலவை நாலு மட்டமாகப் பிரித்தேன். எண்ணெய், உறை: சோப்புக்குச் சோப்பு ஆவது. மிஷினைக் கழுவுவது: ஒரு தடவை காய்ச்சி எடுக்கும் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒருமுறை. அச்சு, லைசென்ஸ்: அந்தந்தச் சரக்குக்கு. வாடகை, வாட்ச்மேன் சம்பளம்: ஆலைக்கே. இந்தக் கடைசியை எந்தச் சரக்கின் தலையிலும் கட்டக்கூடாது. படித்தது மறக்கவில்லை.

12 மார்ச்

பாய்க்கு அந்த நாலாவது பத்தி பிடிக்கவில்லை. "வாடகை இன்னா அந்தரத்துலயா நிக்கும்? ரெண்டுல எதுலயாவது போடு."

போட்டேன். ஈடு எண்ணிக்கைப்படி. வேப்பம் சோப்பு சின்னச் சின்ன ஈடு, மாதம் நாற்பது. துணி சோப்பு பெரிய ஈடு, பத்தே பத்து. வாடகையில் ஐந்தில் நாலு பங்கு வேப்பத்தின் மேல் விழுந்தது. நட்டம் என்று வந்துவிட்டது.

தப்பு என்று தெரியும். பாய் "கெட்டிக்காரி" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

30 மார்ச், சனி

வேப்பம் சோப்பு நிறுத்தம். உறை போடும் ஐந்து பெண்களுக்கும் இன்றோடு கணக்கு முடித்தாயிற்று. அவர்களில் மூத்தவர் செல்வகுமாரி அக்கா கேட்டார்: "சரக்கு நல்லாதான மேடம் போச்சு? எப்படி நட்டம்?"

"கணக்கு அப்படிச் சொல்லுதுக்கா."

கணக்கா சொன்னது?

14 ஜூன்

ஏப்ரல், மே கணக்கு பார்த்தேன். வாடகை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வாட்ச்மேன் வீரமணிக்கு அதே சம்பளம். வேப்பம் சோப்பு தன் செலவெல்லாம் போக மாதம் முப்பத்தெட்டாயிரம் மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதுதான் இப்போது துண்டு விழுகிறது.

பாய் மார்க்கெட்டைத் திட்டுகிறார்.

15 ஜூன்

சொல்லவில்லை.

22 ஜூன், சனி

பாண்டியிலிருந்து திருக்கனூர் பஸ். செல்வகுமாரி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். "வாங்க மேடம், குந்துங்க." டவுனில் ரெண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாராம். விரலெல்லாம் வெடித்திருக்கிறது.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். நட்டம்னா மூடத்தான செய்வாங்க."

எனக்கே ஆறுதல் சொல்றாங்க. எனக்கு! உட்கார முடியவில்லை. வில்லியனூரிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

24 ஜூன்

சொல்லிவிட்டேன். பாய் ஏப்ரல், மே கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"தெரியாம செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் பாய்."

"போடச் சொன்னது நானு."

"தப்புன்னு நான் சொல்லியிருக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை. "அஞ்சு பேரையும் கூப்புடு," என்றார். "போன்ல வேணாம். வூட்டுக்குப் போயி, நடந்தத சொல்லிக் கூப்புடு."

30 ஜூன், ஞாயிறு

ஐந்து வீடும் ஏறி இறங்கினேன். யாரும் ஏசவில்லை. அவர்களில் ரோஸ்லின் மட்டும் கதவைத் திறக்கவில்லை. செல்வகுமாரி அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்போ வரணும்?" என்றார். அவ்வளவுதான்.

5 ஆகஸ்ட், திங்கள்

வேப்பம் சோப்பு மறுபடி ஓடுகிறது. ரோஸ்லின் வரவில்லை, திருப்பூர் போய்விட்டாளாம். அவள் இடத்துக்குச் செல்வகுமாரி அக்கா தன் மகளைக் கூட்டிவந்திருந்தார். மகாலட்சுமி. பத்தொன்பது வயது.

"இவ காலேஜ்ல ரெண்டாவது வருசம் போவணும் மேடம். பீஸ் கட்ட முடியல, நிறுத்திட்டேன். வூட்டுல சும்மாதான இருக்கா, சேத்துக்கங்க."

என்ன படித்தாள் என்று கேட்க வாய் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயரை நான்தான் எழுதினேன்.

மத்தியானத்துக்குள் உறை மடிக்கப் பழகிவிட்டாள். கை வேகம்.