ஏழு பாகம் என்று நின்ற எண்

என் பாசமுள்ள அத்தானுக்கு,

வருகிற வெள்ளியோடு உங்களை அடக்கம் செய்து ஆறு மாதம். சேமக்காலையில் உங்கள் கல்லறைக்கு இரண்டு தரம் வந்தேன், இதையெல்லாம் நேரே சொல்லிவிட வேண்டும் என்று. பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, காங்கேசன்துறையில் அந்தச் சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தவர் நீங்கள். கப்பல் கருவிகள் திருத்திப் பழகியவனுக்கு இங்கே என்ன வேலை என்று உங்கள் வீட்டில் சுருண்டு கிடந்தேன். "மீன்பிடிச் சங்கத்தின்ரை ரெண்டு பெரிய வள்ளத்திலையும் ஆழம் காட்டிற பெட்டி வேலை செய்யுதில்லை. உனக்குத்தானே உது தெரியும், எழும்பி வா" என்று குருநகர் இறங்குதுறைக்கு இழுத்துப் போனீர்கள்.

கோளாறு ஒன்றும் பெரிதல்ல. கீழே எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த கருவி ஆழத்தைச் சரியாகத்தான் அளந்தது. அந்த எண் மேலே சுக்கானடியில் இருந்த பெட்டிக்கு வந்து சேரவில்லை. இரண்டையும் இணைத்த இரண்டு மெல்லிய கம்பிகளும் உப்பில் அரித்துப் போயிருந்தன. வள்ளத்துக்கு இரண்டு கம்பி வேண்டும். யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தும் வள்ளத்துக்கு ஒன்றாகத்தான் கம்பி கிடைத்தது. ஒன்றைப் புதிதாக இழுத்தேன். மற்றதற்குப் பதிலாக எஞ்சின் இரும்பையே பாவித்து, கருவியின் கம்பி முனையை எஞ்சினில் இருந்த ஒரு ஆணியில் முறுக்கிவிட்டேன். இரண்டு வள்ளத்திலும் அப்படித்தான் செய்தேன்.

அது முறையான வேலை இல்லை. தெரிந்தேதான் செய்தேன், அத்தான். பெட்டியில் எண் ஓடத் தொடங்கியதும் நீங்கள் சிறுபிள்ளை போலச் சிரித்தீர்கள். "இனி இதை நம்பலாமோடா?" என்று கேட்டீர்கள். "ஓம் அத்தான், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்" என்றேன். அதன்பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதையே நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் போன அன்று காலை மழை மூட்டத்துக்குள் திரும்பி வரும்போது வள்ளம் பாறைத்திட்டில் ஏறிச் சரிந்தது. மற்ற மூன்று பேரும் நீந்தித் தப்பினார்கள். உங்களைச் சுக்கானடியில் இருந்து எடுத்தபோது உயிர் இல்லை. வள்ளத்தை ஓட்டியவர் நித்திரையாகிப் போனார் என்று சங்கத்து விசாரணையில் முடிவு செய்தார்கள். அதன்பிறகு அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் அன்று உங்களோடு வள்ளத்தில் இருந்து தப்பிய எஞ்சின்காரன் மரியதாஸ் என்னைத் தேடி வந்தான். "அவர் நித்திரை கொள்ளேல்லை அண்ணை. தண்ணியின்ரை நிறம் மாறுது எண்டு நான் சொன்னனான். பெட்டியைக் காட்டி, 'ஏழு பாகம் நிக்குது, பயப்பிடாதை' எண்டவர். கனநேரமாய் ஏழுதான் நிண்டது. இதை விசாரணையிலையும் சொன்னனான். ஆர் கேட்டது?"

அந்தத் திட்டில் ஒரு பாகம் தண்ணீர்கூட இல்லை. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவுகூட இல்லை.

கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்துக்குள் ஏறினேன். மின்சாரத்துக்கு ஒரு பற்றரியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் பெட்டியில் வெளிச்சம் வந்தது; தண்ணீர் இல்லாத கரையில் எண் தாறுமாறாக மாறி மாறி வந்தது. எஞ்சினில் நான் முறுக்கிய ஆணியை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். எண் நின்றுவிட்டது. கீழேயிருந்து ஒன்றும் வராவிட்டால் அந்தப் பெட்டி வெறுமையாகாது; கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் அதிர்வில் என் முடிச்சு தளர்ந்திருக்கிறது. ஆணியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

மற்ற வள்ளம் அடுத்தநாள் மத்தியானம் கடலுக்குப் போக இருந்தது. அதே ஆணி, அதே முறுக்கு. அந்த நினைவு வராவிட்டால் நான் வாய் திறந்திருப்பேனா? இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

காலையில் சங்கத் தலைவரிடம் போய், "வள்ளத்தை விடாதேங்கோ. அத்தானிலை பிழையில்லை, என்னிலைதான் பிழை" என்றேன். "உதை ஏன் தம்பி விசாரணையிலை சொல்லேல்லை?" என்று அவர் கேட்டார். அப்போது எனக்குத் தெரியாது என்றேன். அது பாதி உண்மைதான். நீங்கள் போன நாளிலிருந்தே அந்த ஆணி என் மனதுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது.

அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை இறக்கி வைத்தார்.

"கம்பி இல்லாட்டி இல்லையெண்டு ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா அந்தாள் கயிறு விட்டுப் பாத்திருக்குமே."

அத்தான், நான் உங்களிடம் கெட்டிக்காரனாக நிற்க ஆசைப்பட்டேன். வீடு வாசலை இழந்து வந்தவனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வைத்து, உங்களில் பிழையில்லை என்று தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மரியதாஸ் ஓடிவந்து அதை அக்காவிடம் சொன்னான். அடுத்த ஞாயிறு அக்கா கோயிலுக்குப் போனார். மற்ற வள்ளத்துக்கு இரண்டு கம்பியும் முறையாக இழுத்தாயிற்று. இப்போது கடற்படையின் கெடுபிடியில் அது கடலுக்குப் போகும் நாட்களே குறைவு.

அக்கா எனக்குச் சோறு போடுகிறார். சட்டையைத் தோய்த்துக் காயப் போடுகிறார். என்னோடு கதைப்பதில்லை. கொழும்பில் பழைய முதலாளி திரும்பி வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன், அக்காவும் பார்த்திருப்பார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

நான் போகமாட்டேன், அத்தான். அக்கா கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் இந்த வீட்டில்தான் இருப்பேன். இனி யாருடைய வள்ளத்தில் கை வைத்தாலும், எது சரி, எது அரைகுறை என்று ஓட்டுபவரிடம் சொல்லாமல் இறங்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்களிடம் உண்மையைச் சொல்லாத,
உங்கள் மைத்துனன்
சவிரிமுத்து