நசியெகுவின் சிவப்புப் போர்வை

அன்புள்ள நசியெகு,

நீயும் பிள்ளைகளும் ஒட்டகங்களும் சுகமா? எனக்கு நைரோபிக் குளிர் பழகிவிட்டது. தோள் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

போன வருடம் நம் கிணற்றில் விழுந்த யானைக்குட்டியை ஊரோடு சேர்ந்து இழுத்தெடுத்து, உன் போர்வையைப் போர்த்திவிட்டாயே, அந்த மலாசோ மூன்று நாளாகப் பால் குடிக்காமல் இருந்தது. கூடவே வளர்ந்த குட்டியைக் காட்டுக்கு அனுப்பிவிட்டோம், அந்த ஏக்கம். புட்டியை நீட்டிய என்னை இடித்துத் தள்ளியது.

இங்கே யானைக் காப்பகத்தில் தாய் வயிறுபோல ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் மறைவிலிருந்துதான் பால் கொடுப்போம். நேற்று கம்பளி நனைந்துவிட்டது. அவசரத்துக்கு, நான் கிளம்பும்போது நீ தோளிலிருந்து எடுத்துத் தந்த சிவப்புப் போர்வையைக் கட்டினேன். மலாசோ அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. பிறகு முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று புட்டியையும் காலி செய்தது.

"உன் பொண்டாட்டிய அது மறக்கலடா! தினமும் பால் குடுக்கிற உன்னத்தான் மதிக்கல" என்று சிரித்தார், கூட வேலைபார்க்கும் லெங்கேஸ்.

இன்னொரு போர்வை கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்திக்கொள்வதையே அனுப்பு, துவைக்காதே. கொட்டகையில் குட்டிக்குப் பக்கத்தில்தான் நானும் படுக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் கூப்பிடுகிறார். போர்வையில் குட்டிக்கு ஒரு முனை போதும்.

உன்
லெத்தோயி